பள்ளித் தலைமையாசிரியரும் கைபேசியும்: தொழில்நுட்பத்தைக் கற்றலின் பக்கம் திருப்புவதற்கான முழுமையான வழிகாட்டி

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரின் கைபேசியைக் காலை ஒன்பதரை மணிக்கு வாங்கிப் பார்த்தால், வட்டாரக் குழு, மாவட்டக் குழு, எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் அரசுக் கணினி முறை) குழு, சத்துணவுக் குழு, தேர்வுப் பணிக் குழு என்று எட்டுப் பத்து வாட்ஸ்அப் குழுக்களாவது இருக்கும். அவற்றில் ஏதேனும் ஒன்றில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு விவரத்தை ‘மிக அவசரம்’ என்று கேட்டுக்கொண்டிருப்பார். மாணவர் வருகை செயலியில் ஏற வேண்டும். விலையில்லாப் பொருள்கள் வழங்கிய விவரமும் செயலியில் ஏற வேண்டும். ஆகவே பள்ளிக்குள் தொழில்நுட்பம் வரவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. வந்த தொழில்நுட்பத்தில் பெரும்பகுதி பள்ளியிலிருந்து அலுவலகத்தை நோக்கி ஓடுகிறது என்பதுதான் சிக்கல். அந்த ஓட்டத்திலிருந்து ஒரு வாய்க்காலையாவது வகுப்பறைக்கும் வீட்டுக்கும் திருப்பிவிடுவது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கிராமப்புற உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தபோது செய்து பார்த்தவையும், செய்து சூடுபட்டவையும் இதில் உண்டு. தனியார் பள்ளிகளுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் சில இடங்களில் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதல் படி: யார் வீட்டில் போன் இருக்கிறது என்று கேட்காதீர்கள்

அப்படிக் கேட்டால் ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். பிரதம் என்ற தொண்டு அமைப்பு கிராமப்புறக் கல்வி நிலை பற்றி வெளியிடும் ஏசர் அறிக்கை, 2024 ஆம் ஆண்டுக்கானது, இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது: திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேல், அவர்களில், கணக்கெடுப்புக்கு முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பான ஏதாவதொரு வேலைக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 76 விழுக்காடு. கருவி இருப்பது வேறு, அது படிப்புக்குக் கிடைப்பது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

எனவே ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்து, வகுப்புவாரியாக ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே நான்கு கட்டங்கள் போடுங்கள். போன் யாருடையது, அது மாலை எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், இணைய வசதி மாதம் முழுவதும் இருக்குமா, வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர் யார் என்பவை அந்த நான்கு. இதை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் கேட்கக் கூடாது; வெட்கத்தால் பிள்ளைகள் இல்லாததை இருப்பதாகச் சொல்வார்கள். வகுப்பாசிரியர் மதிய இடைவேளையில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவதுதான் சரி.

எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி ‘அப்பா போன்’ என்று எண்ணைக் கொடுத்திருந்தாள். ஆறு மாதமாக வீட்டுப்பாடச் செய்திகள் அந்த எண்ணுக்குத்தான் போயின. இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன. பிறகு விசாரித்தால், அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறைதான் ஊருக்கு வருவார். நாங்கள் அனுப்பிய பின்னக் கணக்குகளையெல்லாம் அவர் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார். அந்த வகுப்பில் 38 பேர். எல்லோர் வீட்டிலும் போன் உண்டு என்பது எங்கள் நினைப்பு. கட்டம் போட்டு எண்ணியபோது, மாலை ஏழு மணிக்கு வீட்டில் ஒரு திறன்பேசி இருந்தது 22 பேருக்கு மட்டும். மீதி 16 பேரின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இந்த வழிகாட்டியில் பின்னால் சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவையும் அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு எடுப்பது நல்லது.

இரண்டாம் படி: ஒரே ஒரு கற்றல் குறையைத் தேர்ந்தெடுத்தல்

பள்ளிக்கு முகநூல் பக்கம் தொடங்கலாமா, யூடியூப் அலைவரிசை தொடங்கலாமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குபவர்கள் மூன்று மாதத்தில் களைத்துவிடுகிறார்கள். எந்தக் குறையைத் தீர்க்க என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பருவத் தேர்வுத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், குறை தானாகவே மேலே வரும். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் சிலர் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிப்பதில்லை. ஏழாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டும்போது மேலெண்ணை மேலெண்ணோடும் கீழெண்ணைக் கீழெண்ணோடும் கூட்டிவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியல் வரைபடத்துக்குப் பாகங்கள் குறிப்பதில் மதிப்பெண் போகிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, “அரையாண்டுத் தேர்வுக்குள் ஆறாம் வகுப்பில் அனைவரும் பாடநூலின் ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்க வேண்டும்” என்பது போல ஒரே வாக்கியத்தில் எழுதி, ஆசிரியர் ஓய்வறையில் ஒட்டுங்கள். அந்தப் பருவத்தில் வாட்ஸ்அப், திரை, காணொளி எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கே வேலை செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: பெற்றோர் குழுவை அமைத்தல்

முதலில் பள்ளிக்கென்று தனியாக ஒரு சிம் வாங்குங்கள். ஆசிரியர்களின், குறிப்பாக ஆசிரியைகளின் சொந்த எண்கள் பெற்றோர் குழுவில் இருந்தால், இரவு பத்தரைக்கு “நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா” என்று தொடங்கும் அழைப்புகள் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. அந்தச் சிம்மைப் பள்ளியின் பழைய கைபேசி ஒன்றில் போட்டு வாட்ஸ்அப் தொடங்கி, இருபடிச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க எண்ணை உடனே அமைத்துவிட வேண்டும்; அதைச் செய்யாத கணக்குகள்தான் எளிதில் களவு போகின்றன.

அடுத்து, குழுவின் வடிவம். சாதாரணக் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம் என்பதால் பள்ளி முழுவதற்கும் ஒரே குழு போதும் என்று தோன்றும். அது தவறு. ஆறாம் வகுப்பு வீட்டுப்பாடத்தைப் பத்தாம் வகுப்புப் பெற்றோர் நான்கு நாள் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் குழுவின் ஒலியை அடக்கிவிடுவார். வகுப்புக்கு ஒரு குழு என்பதே சரியான அளவு. அந்தக் குழுக்களை ‘சமூகம்’ என்ற வசதியின் கீழ் இணைத்துக்கொண்டால், விடுமுறை, பெற்றோர் கூட்டம் போன்ற பொதுச் செய்தியை அதன் அறிவிப்புப் பகுதியில் ஒருமுறை போட்டால் போதும். அந்த அறிவிப்புப் பகுதியில் ஒரு பெற்றோரின் எண் மற்றப் பெற்றோருக்குத் தெரியாது என்பது கூடுதல் பயன். ஆனால் வகுப்புக் குழுவில் எண்கள் தெரியும். ஆகவே அதில் சேர்க்கும் முன்பே பெற்றோரிடம், முக்கியமாகத் தாய்மாரிடம், அதைச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். விரும்பாதவர்களுக்குத் தனிச் செய்தியாக அனுப்பலாம்.

நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை இயக்கி வைப்பதா என்பது பள்ளிதோறும் எழும் வாதம். இயக்கினால் பெற்றோரின் குரல் அடைபடும். இயக்காவிட்டால் காலை வணக்கப் படங்களும் அரசியல் காணொளிகளும் வந்து நிறையும். நான் கண்ட நடுவழி ஒன்று உண்டு. வாரத்தில் ஆறு நாள் பூட்டி வைத்து, சனிக்கிழமை மாலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்துவிட்டேன். அந்த இரண்டு மணி நேரமும் நான் கைபேசியோடு உட்கார்ந்திருந்தேன். முதல் இரண்டு வாரம் எவரும் எழுதவில்லை. மூன்றாம் வாரம் ஒரு தாய், தன் மகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பதாகக் குரல் செய்தி போட்டார். மறுவாரம் ஆறாம், ஏழாம் வகுப்பு முழுவதற்கும் கண் பரிசோதனை நடத்தினோம்.

குழுவில் போடக் கூடாதவை எவை என்பதை என் பிழையிலிருந்தே சொல்கிறேன். ஒரு காலாண்டுத் தேர்வு முடிந்ததும், பெற்றோருக்கு உடனே தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில் மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து ஒன்பதாம் வகுப்புக் குழுவில் போட்டேன். மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டம் முடிவதற்குள் ஒரு தாய் வாசலில் நின்றார். “சார், எம்புள்ள பெயிலானது எங்களுக்குத் தெரிஞ்சா போதாதா, தெருவுக்கே தெரியணுமா?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து மதிப்பெண், வருகைக் குறைவு, ஒழுங்குப் பிரச்சினை, மருத்துவச் செய்தி ஆகிய எதுவும் எங்கள் குழுவில் வந்ததில்லை. அவை அந்தந்தப் பெற்றோருக்குத் தனியாக, பெரும்பாலும் நேரில் சொல்லப்பட்டன.

மழைக்கால விடுமுறை வதந்திக்கும் இங்கேயே ஒரு விதி செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், போன ஆண்டின் விடுமுறை அறிவிப்புப் படம் தேதி வெட்டப்பட்டுச் சுற்றி வரும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பைத் தலைமையாசிரியர் நேரில் உறுதிசெய்த பிறகே பள்ளி எண்ணிலிருந்து செய்தி வரும், அது வரும்வரை பள்ளி உண்டு என்று ஜூன் மாதமே சொல்லி வைத்தால், நவம்பரில் தொண்டை காயாது.

நான்காம் படி: நாளுக்கு ஒரு குரல் செய்தி

எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தி பல மடங்கு பயன்படுகிறது. நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பி, அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் பத்து வரிச் செய்தியை வாசிக்க மாட்டார். நாற்பது நொடிக் குரலைக் கேட்பார். வாசிக்கத் தெரியாத பாட்டியும் கேட்பார். செந்தமிழில் சுற்றறிக்கை போலப் பேசாமல், வீட்டுத் திண்ணையில் பேசுவது போலப் பேச வேண்டும். நாங்கள் அனுப்பிய ஒன்றை அப்படியே தருகிறேன்:

“வணக்கம்ங்க, ஆறாம் வகுப்பு டீச்சர் பேசுறேன். இன்னைக்கு அரை, கால், முக்கால் நடத்தியிருக்கேன். ராத்திரி தோசை சுடும்போது ஒரு தோசைய நாலாப் பிச்சு வச்சு, ‘இதுல முக்கால் தோசைய எடு’ன்னு புள்ளைகிட்டச் சொல்லுங்க. எத்தனை துண்டு எடுக்குதுன்னு மட்டும் பாருங்க. தப்பா எடுத்தாத் திட்ட வேண்டாம்ங்க, நாளைக்கு நான் பாத்துக்கிறேன்.”

இதில் கவனிக்க வேண்டியவை சில. பெற்றோருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டில் ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலைக்குள் கேள்வி நுழைந்துவிடுகிறது. பிள்ளையின் கையில் போனைக் கொடுக்க வேண்டிய தேவையே எழவில்லை. பெற்றோர் வழியாகக் குழந்தையைச் சேரும் செய்திக்கு இந்த மூன்றாவது தன்மைதான் உரைகல் என்று கருதுகிறேன். “இந்தக் காணொளியைப் பார்க்கவும்” என்று இணைப்பு அனுப்பினால் போன் பிள்ளையின் கைக்குப் போகும், பத்து நிமிடத்தில் திரையில் ஓடுவது வேறு எதுவாகவோ இருக்கும். காணொளி இணைப்பை வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பாமல் இருப்பது நல்லது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) இணையவழிக் கல்விக்கென வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டு நெறிமுறைகளே எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு இரண்டு இணைய அமர்வுகள், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று வரம்பு வைத்தன. பள்ளிகள் பூட்டிக் கிடந்த நாளிலேயே அவ்வளவுதான் என்றால், பகல் முழுவதும் பள்ளியில் இருந்துவிட்டு வரும் பிள்ளைக்கு மாலையில் எவ்வளவு திரை தேவை என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

செய்தி அனுப்பும் நேரம் மாலை ஆறரை. அது மாறவே கூடாது.

ஐந்தாம் படி: கண்ணாடிக்கு அடியில் இருக்கும் 16 பேர்

குழுவில் வரும் ஒவ்வொரு செய்தியும் இவர்களைத் தாண்டிப் போகிறது என்பதை மறந்துவிட்டால், தொழில்நுட்பம் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியை அகலப்படுத்தும். எங்கள் ஏற்பாடு மிக எளியது. பள்ளி விடும் முன் கடைசி ஐந்து நிமிடத்தில், மாலையில் அனுப்பப்போகும் கேள்வியைக் கரும்பலகையில் ஆசிரியர் எழுதிவிடுவார். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அதாவது, வாட்ஸ்அப் செய்தி ஒரு நினைவூட்டல் மட்டுமே; அது இல்லாதவருக்கு எதுவும் குறைவதில்லை. மாலையில் குடியிருப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர் உள்ள இடங்களில், அவருடைய எண்ணையும் வகுப்புக் குழுவில் சேர்த்துக்கொண்டோம். 2021 அக்டோபரில் அத்திட்டம் தொடங்கியபோது இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் மாலை மையத்தில் இருபது பிள்ளைகள் முன்னால் ஒரு போனில் அந்தக் குரல் செய்தி ஒலித்தபோது அது மிக இயல்பாகப் பொருந்தியது. மையம் இல்லாத தெருக்களில் இரண்டு வீடுகளை இணைத்து, ஒரு வீட்டுப் பிள்ளை மற்ற வீட்டுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இது எல்லாத் தெருக்களிலும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதியும் வீட்டுச் சண்டையும் குறுக்கே வரும் இடங்களில், இருக்கை அடுத்தடுத்து உள்ள பிள்ளைகளைப் பள்ளியிலேயே ஜோடி சேர்ப்பதுதான் முடிந்தது.

ஆறாம் படி: உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் வகுப்பறைத் திரையும்

ஊரார் இதை ஹைடெக் லேப் என்கிறார்கள். பல பள்ளிகளில் இந்த அறை எமிஸ் வேலைக்கும் இணையவழித் தேர்வுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் போக மீதி நேரம் பூட்டிக் கிடக்கிறது. முதல் வேலை, கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு பாடவேளையை அந்த அறைக்கென்று எழுதுவது. சாவி தலைமையாசிரியரின் இழுப்பறையில் இல்லாமல், கையெழுத்துப் போட்டு எடுத்துச் செல்லும் விதத்தில் ஓய்வறையில் தொங்க வேண்டும். பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சத்தினால்தான் ஆசிரியர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பயன்பாட்டினால் வரும் பழுதுக்கு எவரையும் கேள்வி கேட்க மாட்டேன் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொல்லி, அதைத் தீர்மானக் குறிப்பேட்டிலும் எழுதுங்கள்.

பாடப்பொருளுக்குப் பஞ்சமில்லை. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாகியிருக்கின்றன. அவற்றைத் திக்‌ஷா என்ற மத்திய அரசின் பாடச் செயலியில் வருடினால் தொடர்புடைய காணொளிகள் வரும், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளவும் முடியும். 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் இருக்கின்றன. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் மணற்கேணி செயலி 2023 ஜூலையில் வெளிவந்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002 இல் தொடங்கப்பட்ட ஃபெட் திட்டத்தின் கணினியில் இயக்கிப் பார்க்கக்கூடிய பல அறிவியல், கணித மாதிரிகள் தமிழிலும் கிடைக்கின்றன. கணினியில் இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் அவை இயங்கும். கிராமப் பள்ளிக்கு இந்தக் கடைசிச் செய்தியே முக்கியம். பாடவேளை தொடங்கிய பிறகு இணையத்தைத் தேடும் ஆசிரியர் பதினைந்து நிமிடத்தை இழக்கிறார், வகுப்பின் கவனத்தையும் சேர்த்து. முந்தைய நாளே இறக்கி, பெயரிட்டு, மேசைத் திரையில் வைத்துவிட வேண்டும்.

திரையில் ஓடுவதைப் பிள்ளைகள் வாய் பார்த்துக்கொண்டிருந்தால் அது திரைப்படக் கொட்டகைதான். எங்கள் அறிவியல் ஆசிரியை மின்சுற்றுப் பாடத்தை நடத்திய விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ஃபெட் மாதிரியில் ஒரு மின்கலத்தையும் இரண்டு பல்புகளையும் தொடரிணைப்பில் பொருத்திவிட்டு, சாவியை மூடாமல் நிறுத்தினார். “ஒரு பல்பைக் கழற்றினால் அடுத்தது எரியுமா எரியாதா, நோட்டில் எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வையுங்கள்” என்றார். எல்லோரும் எழுதிய பிறகு, பின் வரிசையிலிருந்து ஒரு பையனை அழைத்துச் சுட்டியைக் கையில் கொடுத்தார். பல்பைக் கழற்றியதும் இரண்டும் அணைந்தன. எரியும் என்று எழுதியிருந்தவர்கள் கூச்சலிட்டார்கள். பிறகு பக்க இணைப்பு. மறுபடியும் எழுதல், மறுபடியும் கழற்றல். திரையில் நடந்தது மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதன் பிறகு கணினியை அணைத்துவிட்டு, டார்ச் பேட்டரியையும் சீரியல் பல்பையும் கம்பியையும் குழுவுக்கு ஒரு தொகுதியாக மேசைமேல் வைத்தார். எந்தத் திரைப் பாடத்துக்கும் இந்த வரிசை பொருந்தும்: காட்டுவதற்கு முன் கணிப்பை எழுத வைத்தல், நடுவே நிறுத்துதல், முடிந்ததும் கையால் செய்ய வைத்தல்.

யூடியூபில் தமிழ்வழி அறிவியல் தேடும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இலங்கை ஆசிரியர்களின் நல்ல பாடங்கள் அங்கே ஏராளமாக உண்டு; ஆனால் நாம் ஒளிச்சேர்க்கை என்பதை அவர்கள் ஒளித்தொகுப்பு என்பார்கள், நம் இயற்பியல் அங்கே பௌதிகவியல். காட்டும் முன்பு இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை, பிள்ளைகளுக்கு ஒரு சொல் கூடுதலாகவும் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் வினாத்தாள் கேட்டு வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். அவை பாடநூலில் இல்லாத கலைச்சொற்களையும், சில சமயம் தவறான விடையையும் கூச்சமின்றித் தருகின்றன. ஆசிரியர் ஒருமுறை தாமே விடையெழுதிப் பார்க்காத எந்த வினாத்தாளும் வகுப்புக்குப் போகக் கூடாது.

ஏழாம் படி: ஆசிரியர்களே எடுக்கும் காணொளி

ஒளியமைப்பும் பின்னணி இசையும் தேவையில்லை. சுண்ணக்கட்டிப் பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்து, கைபேசியைக் கீழ்நோக்கிக் கிடத்தினால், தாளில் கணக்குப் போடும் கை மட்டும் தெரியும். நான்கு நிமிடத்துக்குள் ஒரே ஒரு கணக்கு. ஆசிரியரின் முகம் தெரியாததால் கூச்சமும் இருக்காது. தங்கள் ஆசிரியரின் குரல் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய ஈர்ப்பு. யூடியூபில் ஏற்றும்போது ‘பட்டியலிடப்படாதது’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், இணைப்பு உள்ளவர்கள் மட்டுமே பார்ப்பார்கள், தேடலில் வராது. ‘சிறுவர்களுக்கானது’ என்று குறித்துவிட்டால் கருத்துப் பகுதி தானாகவே மூடப்படும். பார்த்தவர் எண்ணிக்கை எத்தனை என்று ஆசிரியர்களிடம் ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்கத் தொடங்கிய மறுநாள் முதல் கணக்கு போய், நடனம் வந்துவிடும்.

எட்டாம் படி: ஊர் பார்க்கும் பக்கம்

முகநூலோ இன்ஸ்டாகிராமோ, ஒரு பள்ளிக்கு ஒரு பொதுப் பக்கம் போதும். சேர்க்கை காலத்தில் அதற்குப் பயன் உண்டு, முன்னாள் மாணவர்களை ஒன்று சேர்ப்பதிலும் உண்டு. கற்றலுக்கு அதனால் நேரடியாக விளையும் நன்மை சிறிது என்பதே என் அனுபவம். அந்தச் சிறிதும் எதைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. விருந்தினர் பொன்னாடை போர்த்தும் படத்தால் எந்தக் குழந்தையும் எதையும் கற்பதில்லை. எட்டாம் வகுப்பு மாணவி வரைந்த ஊர்க் கிணறுகளின் வரைபடத்தையோ, ஏழாம் வகுப்பினர் தங்கள் பாட்டிமாரிடம் கேட்டு எழுதிய விடுகதைகளையோ போட்டால், ஊரார் அதற்குத் திருத்தமும் கூடுதல் செய்தியும் எழுதுகிறார்கள். அதை அச்செடுத்து வகுப்பில் ஒட்டலாம். தன் எழுத்தை வகுப்பாசிரியரைத் தவிர வேறொருவரும் படிக்கப்போகிறார் என்று தெரிந்தால், பிள்ளை எழுத்துப்பிழையைத் தானே தேடித் திருத்துகிறது.

குழந்தைகளின் முகம் விஷயத்தில் தயவு தாட்சண்யம் கூடாது. 2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதலை அடிப்படையாக வைக்கிறது. சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு தனித்தாளில், படம் எங்கே, எதற்காக வெளியாகும் என்பதையும், எப்போது வேண்டுமானாலும் மறுக்கலாம் என்பதையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்புதல் இருந்தாலும் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் ஒரே படத்தோடு சேர்த்துப் போடக் கூடாது. விளையாட்டு உடையில் உள்ள மாணவிகளின் அண்மைப் படங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. பாலியல் குற்றம் தொடர்பான நிகழ்வு ஏதேனும் பள்ளியைச் சுற்றி நடந்துவிட்டால், 2012 ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 23 ஆம் பிரிவு நினைவில் இருக்க வேண்டும்: குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய பெயர், படம், குடும்பம், பள்ளி, தெரு ஆகிய எதையும் வெளியிடக் கூடாது. அனுதாபச் செய்தி என்ற பெயரிலும் எந்தக் குழுவிலும் ஒரு வரி எழுதக் கூடாது, ஆசிரியர் குழு உட்பட.

ஒன்பதாம் படி: ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களின் சொந்தக் கைபேசி

வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் கணக்குத் தொடங்குவதற்கு 13 வயது என்று வரம்பு வைத்திருக்கின்றன. நடைமுறையில் ஆறாம் வகுப்பிலேயே கணக்கு உண்டு. தடை செய்வதைப் பற்றி மட்டும் பேசினால் பிள்ளைகள் நம்மிடம் எதையும் சொல்ல மாட்டார்கள். பத்தாம் வகுப்புக்குச் சந்தேகம் தீர்க்கும் குழு ஒன்று வைப்பதானால், அதில் இரண்டு ஆசிரியர்களும் ஒரு பெற்றோர் பிரதிநிதியும் இருக்க வேண்டும், இரவு எட்டரைக்கு மூட வேண்டும். ஆசிரியர் எவரும் எந்த மாணவரோடும் தனிச் செய்தியில் பேசக் கூடாது என்பதை விதியாகவே எழுதி வையுங்கள். அது ஆசிரியருக்கும் பாதுகாப்பு.

கேலிப் படம், மிரட்டல், பணம் பறிப்பு என்று ஏதாவது வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே சொல்லித் தர வேண்டும். அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுத்து வைக்க வேண்டும், பதில் அனுப்பக் கூடாது, நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடம் அன்றே சொல்ல வேண்டும். இணையக் குற்றங்களுக்கு 1930, குழந்தைகள் உதவிக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 ஆகிய மூன்றையும் கழிப்பறைக்குப் போகும் வழியில் எழுதி வைத்தோம். தலைமையாசிரியர் அறை வாசலில் எழுதினால் நின்று பார்க்கக் கூச்சப்படுவார்கள்.

பத்தாம் படி: மாதக் கடைசியில் நோட்டைத் திருப்புதல்

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, தேர்ந்தெடுத்த அந்த ஒரு குறைக்கு ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, பத்து நிமிடத்தில் பிள்ளைகளை விடை எழுத வையுங்கள். தாள்களைத் திருத்திய பிறகு, மாலையில் போன் இருக்கும் பிள்ளைகளின் தாள்களை ஒரு கட்டாகவும், கண்ணாடிக்கு அடியில் உள்ள பெயர்களுக்குரிய தாள்களை இன்னொரு கட்டாகவும் பிரித்துப் பாருங்கள். இரண்டு கட்டுகளும் முன்னேறினால் தொடரலாம். முதல் கட்டு மட்டும் முன்னேறினால், ஐந்தாம் படியில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதைச் சரி செய்யும்வரை புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. இரண்டுமே நகரவில்லை என்றால், செய்திகளை நிறுத்திவிட்டு வகுப்பில் பாடம் நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியில் பின்னங்கள் இரண்டு மாதத்தில் நகர்ந்தன. வாசிப்பு ஒரு பருவம் முழுவதும் நகரவேயில்லை, கடைசியில் குரல் செய்தியை விட்டுவிட்டு நூலகப் பாடவேளையை வாரத்துக்கு மூன்றாக்கினோம். இந்த முடிவுகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் தாள்களையே காட்டிச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்கள். எத்தனை செய்திகள் அனுப்பினோம் என்ற கணக்கைவிடத் தங்கள் பிள்ளையின் கையெழுத்து அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

பணியிட மாறுதல் கலந்தாய்வு எந்த ஆண்டும் வரும். நான் பொறுப்பேற்ற பள்ளி ஒன்றில் முகநூல் பக்கம் இருந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பின்தொடர்வோர் இருந்தார்கள். அதைத் தொடங்கிய ஆசிரியர் வேறு மாவட்டத்துக்கு மாறிப் போயிருந்தார், கணக்கோ அவருடைய சொந்தக் கணக்கோடு பிணைந்திருந்தது, அவரும் தம் பழைய எண்ணைக் கைவிட்டிருந்தார். பள்ளிப் பெயரில் ஒரு பக்கம் எவர் கையிலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது. அதன் கீழே யாரோ கடன் செயலி விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள், எங்களால் அதை நீக்கவும் முடியவில்லை.

அதனால் முதல் நாளிலேயே பக்கத்தின் முழுக் கட்டுப்பாடு இரண்டு பேரிடம் இருக்குமாறு செய்யுங்கள். பள்ளிக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி, பள்ளிச் சிம், குழுக்களின் பட்டியல், யூடியூப் கணக்கு, இருபடிச் சரிபார்ப்பு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, அரக்கு வைத்துப் பீரோவில் பணப்பதிவேட்டோடு வையுங்கள். பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, இரும்புப் பெட்டி என்று வரிசை எண் போடும்போது, அந்த உறைக்கும் ஒரு வரிசை எண் போட்டு, எதிரே புதிய தலைமையாசிரியரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பெயர்த்தாளை மட்டும் உறையில் போட வேண்டாம். அதை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டிவிட்டு வாருங்கள்.